இருபது கிலோ வாழைத்தாரும் நாற்பத்து மூன்று நாள் கணக்கும்

மிராலிந்தோ, கொலம்பியா, நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை.

என் குறை இது: அக்டோபர் பதினான்காம் நாள் காலை ஒன்பதே காலுக்கு, ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பின்மேல் ஒரு வாழைத்தார் விழுந்தது. அது எவ்வளவு விசையோடு விழுந்தது என்பதை, நாற்பத்து மூன்று நாள் கழிந்தும், மோதல்விசைக் கணிப்பு நிறுவனத்தால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால் விளைந்தவற்றை, விளைந்த வரிசையிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன்.

ஜீப் அல்தேமார் கிராஜாலெஸ் என்பவருடையது. எங்கள் மலையில் காப்பி மூட்டையும் வாழைத்தாரும் மனிதரும் கோழியும் இறங்குவது ஜீப்பில்தான். ஊர்ச் சதுக்கத்தில் இருபத்திரண்டு ஜீப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நகரசபை கொடுத்த எண் உண்டு. எண் வரிசைப்படிதான் சுமைக்குப் போகவேண்டும். முன்னவர் புறப்படாமல் பின்னவர் புறப்படக் கூடாது. அல்தேமாரின் எண் பதினேழு. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தத் தகடு அவருடைய ஜீப்பில் இருக்கிறது. ஒரு ஜீப் தொடர்ந்து நாற்பது நாள் வரிசைக்கு வராவிட்டால், நாற்பதாம் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த எண் பறிக்கப்பட்டு, காத்திருக்கும் நூற்றுப் பதினான்கு பேரில் முதல்வருக்குப் போய்விடும். இதுவும் நகரசபை விதியே. அல்தேமாருக்கு வேறு தொழில் தெரியாது. இவ்வளவும் முதலிலேயே தெரிந்திருந்தால்தான், பின்னால் சிரிப்பு வரும்போது வாசகர் சற்று அடக்கிக்கொள்வார்.

விபத்து எளிமையானது. தோன்யா கார்லினாவின், அதாவது கார்லினா அம்மாளின், தோட்டத்தில், மேட்டிலிருந்து கீழே உள்ள கொட்டகைக்குச் சாலைக்கு மேலாக ஒரு கம்பிவடம் போகிறது. கப்பியில் தொங்கியபடி வாழைத்தார்கள் அதில் இறங்கும். அன்று ஒரு கொக்கி அறுந்தது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தார், கீழே போய்க்கொண்டிருந்த அல்தேமாருடைய ஜீப்பின் பானெட்டில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. பானெட் குழிந்தது. ஒரு விளக்கு உடைந்தது. வேறு சேதமில்லை.

கார்லினா மேட்டிலிருந்து ஓடிவந்தார்.

"ஐயோ, தோன் அல்தேமார்! உயிரோட இருக்கீங்களா?"

"நான் இருக்கேன் தோன்யா. உங்க தார்தான் போயிடுச்சு."

"தார் கிடக்குது, விடுங்க. பானெட்டைக் கொல்லர்கிட்ட குடுத்துத் தட்டிக்கிடலாம், செலவு என்னோடது. ரெண்டு கோழியும் பிடிச்சுத் தர்றேன்."

"ஒரு கோழி போதும் தோன்யா. விளக்கு ஏற்கெனவே மினுக்மினுக்னுதான் எரிஞ்சிச்சு."

வழக்கு அந்த இடத்திலேயே தீர்ந்தது. உலகில் இதைவிட நேர்மையான தீர்ப்பை நான் கேட்டதில்லை. ஆனால் அல்தேமார் ஒரு தவறு செய்தார்.

மோதல் நடந்தால், அதிகாரி வந்து சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு வரைபடம் எழுதும்வரை எதையும் நகர்த்தக் கூடாது என்பது எங்கள் நாட்டு வழக்கம். பின்னால் அடுத்த ஊர்வரை வண்டிகள் நிற்கட்டும், ஒருவருக்கு மாரடைப்பே வரட்டும், நகர்த்தமாட்டோம். ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த பயணிகள் எவ்வளவோ சொன்னார்கள்.

"அட, வண்டியும் வண்டியும் மோதினாத்தான் கோடு. தார் என்ன வண்டியா? அதுக்கு லைசென்ஸ் இருக்கா? எடுங்க, போலாம்!"

"நாளைக்கு எவனாவது வந்து, ஏன்யா நகர்த்தினேன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவே?" என்றார் அல்தேமார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, தொலைபேசியில் அதிகாரியை அழைத்தார். நேர்மையானவன் இந்த நாட்டில் எப்படி மாட்டிக்கொள்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒவிதியோ வந்தார். கையில் அளவுநாடா, பையில் சுண்ணக்கட்டி, கக்கத்தில் 'இயங்கும் பொருள்மீது நிகழும் மோதலின் விசை, படிவம் ஒன்பது'. அந்தப் படிவத்தில் பதினோரு எழுத்துப்பிழைகள் உள்ளன. அவற்றைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. எங்கள் ஊரில் கழுத்துப்பட்டை கட்டியவர் அனைவரையும் டாக்டர் என்றுதான் அழைப்போம். ஊசி போடத் தெரிந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

"மோதும்போது வண்டி ஓடிட்டிருந்ததா?" என்று கேட்டார் ஒவிதியோ.

"ஆமா டாக்டர்."

"இப்ப ஓடலையே."

"நகர்த்தக் கூடாதுன்னுதானே நிறுத்தி வெச்சிருக்கேன்."

"ரொம்பச் சரி. நகர்த்தியிருந்தா குற்றம். ஆனா இது ஓடுற பொருளுக்கான படிவம். ஓடுறதை நான் கண்ணால பாத்து, 'ஓடுகிறது'ன்னு எழுதணும்."

"அப்ப கொஞ்சம் ஓட்டிக் காட்டவா?"

"ஐயையோ! கணிப்பு முடியாம நகர்த்தினா தடயத்தை அழிச்சதா ஆயிடும்."

"சரி, நிக்கிற வண்டிக்கு ஒரு படிவம் இருக்குமே. அதுல எழுதிக்குங்க."

ஒவிதியோ சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"தோன் அல்தேமார், என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா? ஓடிட்டிருந்ததுன்னு இப்பதானே நீங்களே சொன்னீங்க?"

அல்தேமார் திரும்பித் தம் ஜீப்பைப் பார்த்தார். ஒருவேளை அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறதோ என்று ஐயுற்றவரைப்போலப் பார்த்தார்.

ஜீப்பைச் சுற்றிக் கோடு போடப்பட்டது. மாலையில் மழை பெய்து கோடு அழிந்தது. அக்டோபரில் எங்கள் மலையில் மாலைதோறும் மழை. ஆகவே காலைதோறும் கோடு. தார் மட்டும், தடயம் என்ற முறையில், முத்திரையிட்ட கயிற்றால் கட்டி நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. காப்பித் தராசில் நிறுத்தபோது சரியாக இருபது கிலோ இருந்தது.

நான் முப்பத்தெட்டு ஆண்டு இவ்வூர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ரொட்டிக்கடைத் தாளின் பின்புறத்தில், ஒரு பென்சிலால், காப்பி ஆறுவதற்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். ஐந்து மீட்டர் விழுந்த பொருள் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வந்து சேரும். பானெட் குழிந்ததும், தார் நசுங்கியதும், வண்டியின் ஸ்பிரிங் அமிழ்ந்ததும் எல்லாம் சேர்த்து ஒரு சாண். அந்த ஒரு சாணில் அது நின்றிருக்கிறது என்றால், நிற்க எடுத்த நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. இருபது கிலோவைப் பத்தால் பெருக்கி, இருபதில் ஒரு பங்கால் வகுத்தால் நாலாயிரம். ஜீப் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்து, தாரையும் தன்னோடு இழுத்துச் சென்றதால், குறுக்கே இன்னொரு இரண்டாயிரம். இரண்டையும் செங்கோணத்தில் சேர்க்க, ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு நியூட்டன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.

தாளை எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போனேன். இயக்குநர் டாக்டர் லிசிமாக்கோ எசெவெரி அதை இருமுறை படித்தார். அன்போடு புன்னகைத்தார்.

"வாத்தியாரே, விடை சரியாத்தான் இருக்கும்போல. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

"சரியா இருந்தா என்ன கவலை, டாக்டர்?"

"ஒரு தாள், ஒரு பென்சில், ரெண்டு நிமிஷம். இதுல வர்ற விடையை நான் சரின்னு ஒத்துக்கிட்டா, மேல மூணு மாடியில முப்பத்தோரு பேர் உக்காந்திருக்காங்களே, அவங்களை என்ன பண்றது? அவங்களுக்குக் கல்யாணம் காட்சி இல்லையா? பென்சில் பிடிக்கத் தெரிஞ்சவன்கூட அதுல ஒருத்தன் கிடையாது. வெளியில போனா பாவம், திண்டாடிப் போவாங்க."

"விடையை மட்டுமாவது எழுதிக்குங்களேன்."

"விசைங்கிறது நீங்க நினைக்கிற மாதிரி சும்மா இருக்கிற பொருள் இல்ல வாத்தியாரே. நாங்க கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வரும். எங்க நிறுவனம் வர்றதுக்கு முன்னால இந்த மாவட்டத்துல மோதல் இருந்துச்சு. விசை எங்க இருந்துச்சு, சொல்லுங்க?"

தாளை என்னிடமே திருப்பித் தந்தார். மறுபுறத்தில் ரொட்டியின் எண்ணெய் பட்டிருந்ததால் கோப்பில் சேர்க்க முடியாது என்றார்.

பதினொரு நாள் கழித்து நிறுவனத்தின் அறிவியல் குழு ஒரு தீர்வைக் கண்டது. இயக்கம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஆகவே ஜீப் நகரமுடியாவிட்டால் ஆய்வாளர் நகரலாம். அவர் அதே வேகத்தில் எதிர்த்திசையில் கடந்துபோனால், அவர் கண்ணுக்கு ஜீப் ஓடும். அவரும் மனச்சான்று உறுத்தாமல் 'ஓடுகிறது' என்று எழுதலாம். குழுவின் அறிவைக் குறை சொல்லமாட்டேன். இந்தக் கருத்து சரியானதே. குழுவுக்கு வாகனம் ஒதுக்கப்படவில்லை என்பதுதான் குறை. கார்லினாவின் கோவேறு கழுதையை இரவல் வாங்கினார்கள்.

ஒவிதியோ ஒரு கையில் படிவமும் மறு கையில் பேனாவும் வாயில் நிறுத்துகடிகாரமுமாகக் கழுதைமேல் ஏறினார். முதல் முறை கழுதை நடந்தது. குறைந்த வேகம் என்று தள்ளுபடியாயிற்று. இரண்டாம் முறை அது ஜீப்புக்கு நேரே நின்று, ஒவிதியோவைப் பொறுத்தவரையிலும் ஜீப்பை முழுமையாக நிறுத்திவிட்டது. மூன்றாம் முறை அல்தேமார் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினார். கழுதை வேண்டிய வேகத்தையும் தாண்டி ஓடியது. ஒவிதியோ மட்டும் சாலையில் மல்லாந்து கிடந்தார்.

அல்தேமார் தூக்கிவிட ஓடினார்.

"தொடாதீங்க!" என்று கத்தினார் ஒவிதியோ. "இது மோதல். கோடு போடாம நகர்த்தக் கூடாது."

"டாக்டர், கோடு போடுற ஆள் நீங்கதானே?"

"அதனால? எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? சுண்ணக்கட்டியை எடுங்க."

படுத்தபடியே தம் தலையைச் சுற்றியும் தோளைச் சுற்றியும், கை எட்டிய இடுப்புவரை, அவரே வரைந்துகொண்டார். கால்களை அவர் சொல்லச்சொல்ல அல்தேமார் வரைந்தார். "பாதத்தைப் பெருசாப் போட்டுட்டீங்க" என்று ஒவிதியோ குறைபட்டுக்கொண்டதும், அழித்துத் திரும்பப் போட்டார். பிறகு மழை வந்தது.

இதற்கிடையில் தாரின் கதை வேறு. தடயப் பொருளை வெள்ளிதோறும் நிறுத்துப் பதிவு செய்யவேண்டும் என்பது விதி. முதல் வெள்ளி இருபது கிலோ. இரண்டாம் வெள்ளி பதினெட்டு. மூன்றாம் வெள்ளி பதினான்கு. நான்காம் வெள்ளி எட்டு. காய் பழுத்தது, காம்பு உலர்ந்தது என்பது ஓரளவு காரணம். பிற்பகல்களில் நிறுவனத்தின் படிக்கட்டு முழுதும் வறுத்த வாழைத்துண்டின் மணம் வீசியது என்பது மீதிக் காரணம். எடை குறையக் குறைய, கணக்கின்படி விசையும் குறைந்தது. அதை ஒரு வரைபடமாக எழுதி வாசலில் மாட்டினார்கள்.

நவம்பர் எட்டாம் நாள் நிறுவனத்தின் ஆண்டு விழா. மாடத்தில் நின்று இயக்குநர் பேசினார். பேச்சை நான் குறித்துவைத்திருக்கிறேன்:

"பெருமக்களே! அக்டோபர் மாதத்தில் நம் மாவட்டத்தின்மீது ஒரு மாபெரும் விசை விழுந்தது. நாம் அஞ்சினோமா? அஞ்சவில்லை. கோப்பு திறந்தோம். குழு அமைத்தோம். குழுவை மேற்பார்க்க இன்னொரு குழு அமைத்தோம். இன்று பெருமையோடு அறிவிக்கிறேன்: நம் ஊழியர்களின் இடைவிடாத உழைப்பால், அந்த மோதலின் விசை அறுபது விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது! கொலம்பியாவில் வேறு எந்த நிறுவனமும், நடந்து முடிந்த விபத்தை இவ்வளவு குறைத்துக் காட்டியதில்லை!"

கைதட்டல் எழுந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து அல்தேமாரின் மனைவி நூபியா குரல் கொடுத்தார். ஜீப்பை விட்டு அகலக் கூடாது என்பதால் கணவர் மலையிலேயே கிடக்க, இருபத்தைந்து நாளாக அவருக்கு அவரைக்குழம்பும் சோறும் சுமந்து ஏறி இறங்கிய பெண்மணி அவர்.

"டாக்டர், ஒரு சந்தேகம். தாரை முழுசாத் தின்னு முடிச்சுட்டீங்கன்னா விசை பூஜ்யம் ஆயிடுமா?"

"அதுவே எங்கள் இலக்கு, அம்மணி!"

"விசையே இல்லன்னா மோதலே நடக்கலைன்னுதானே அர்த்தம்?"

"ஆமாம்."

"அப்ப வண்டியை விட்டுடுவீங்க?"

இயக்குநர் தம் செயலாளரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"மோதலே நடக்காத இடத்துல, பொதுச்சாலையை மறிச்சு இருபத்தஞ்சு நாள் வண்டியை நிறுத்தியிருக்காரு உங்க வீட்டுக்காரர். அவர்மேல நாங்க வழக்குப் போடவேண்டி வரும்மா. அதனால வேண்டிக்குங்க, கொஞ்சமாவது விசை மிச்சம் இருக்கட்டும்னு."

அன்று மாலை நூபியாவோடு நானும் மலைக்குப் போனேன். அல்தேமார் ஈரத்துணியால் பதினேழு என்ற தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாத்தியாரே, உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன். தார் விழுந்துச்சுல்ல? நானா கற்பனை பண்ணிக்கலையே?"

"விழுந்துச்சு, தோன் அல்தேமார்."

"இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. எண் போயிட்டா இந்த ஜீப்புல கோழிதான் வளக்கணும்."

"ஏற்கெனவே ரெண்டு பின்சீட்டுல முட்டை போடுது. கார்லினா குடுத்த ஒண்ணும், அதைத் தேடி வந்த இன்னொண்ணும்" என்றார் நூபியா. மூவருமே சிரித்தோம். சிரித்து முடித்ததும் அல்தேமார் மறுபடியும் தகட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

நாற்பதாம் நாள், நவம்பர் இருபத்து மூன்று, சனிக்கிழமை. சந்தை நாளாதலால் கூட்டம் சேரும் என்று கருதி, நிறுவனம் அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு மறுநிகழ்த்தலை அறிவித்தது. கார்லினாவின் கம்பிவடத்தில் புதிதாக ஓர் இருபது கிலோத் தார் தொங்கும். கீழே ஜீப் ஓடும். தார் விழும். ஒவிதியோ கண்ணால் கண்டு எழுதுவார். நகர்த்தக் கூடாத ஜீப்பை ஓடவைப்பது எப்படி என்ற கேள்விக்கும் குழு விடை வைத்திருந்தது: என்ஜினால் நகர்த்துவதுதான் விதிமீறல், புவியீர்ப்பைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. அந்த இடத்திலிருந்து ஊர்ச் சதுக்கம்வரை ஒரே சரிவு. பிரேக்கை விட்டால் போதும்.

இயக்குநருக்குக் காட்சி நன்றாகத் தெரியவேண்டும் என்று, கம்பிவடத்துக்கு நேர் கீழே, சாலையின் ஓரத்தில், ஒரு மேசை போடப்பட்டது. மேசைமேல் நாற்பது நாளின் கோப்புகள் அனைத்தும் இருந்தன.

தாரை அவிழ்க்க ஓர் ஆணை வேண்டும். ஆணையில் மூவர் கையெழுத்திட வேண்டும். ஆணையின் முதல் வரியே 'ஓடிக்கொண்டிருக்கும் பொருள்மீது' என்று தொடங்குவதால், ஜீப் ஓடத் தொடங்குமுன் அதில் கையெழுத்திடுவது பொய்ச்சான்று ஆகும். ஆகவே முதலில் பிரேக்கை விடச் சொன்னார்கள்.

அல்தேமார் விட்டார். நாற்பது நாள் ஈரத்தில் நின்ற சக்கரங்கள் முனகிவிட்டு உருளத் தொடங்கின. பின்சீட்டிலிருந்து இரண்டு கோழிகளும் வெளியே பறந்தன.

"கையெழுத்து! கையெழுத்து!" என்று ஒவிதியோ கூவினார்.

முதல் அதிகாரி கையெழுத்திட்டார். இரண்டாமவரின் பேனா எழுதவில்லை; உதறினார்; முதலாமவரின் பேனாவை இரவல் கேட்டார்; அவர் தேடினார். ஜீப் கம்பிவடத்தைக் கடந்தது. இயக்குநர் எழுந்து நின்று, "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க தருணத்தில்" என்று தொடங்கி, இரண்டு வாக்கியம் பேசி, இரண்டடி முன்னே வந்து, குனிந்து கையெழுத்திட்டார். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. ஆணை முறைப்படி உரக்கப் படிக்கப்பட்டது. மேட்டில் இருந்தவர்கள் கீழ்ப்படிந்தார்கள். தார் விழுந்தது, மேசை இரண்டாகப் பிளந்தது, கோப்புகள் கூழாயின. உரையாற்ற எழுந்ததால் இயக்குநர் தப்பினார். அவருடைய உரையால் ஓர் உயிர் நன்மை அடைந்தது அதுவே முதல்முறை.

"யாரும் மேசையைத் தொடாதீங்க! சுண்ணக்கட்டி எங்கே?" என்று அவர் கத்தியது மட்டும் என் காதில் விழுந்தது. நான் மற்றவர்களோடு சேர்ந்து ஜீப்பின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எழுபத்தோரு வயதில் அப்படி ஓடமுடியும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு முன்னால் ஒவிதியோ ஓடினார்.

"தோன் அல்தேமார்! நிறுத்தாதீங்க! தார் உங்கமேல இன்னும் விழல! பரிசோதனை முடியல! நடுவுல நிறுத்தினா கோப்பு முதல்லேர்ந்து, வண்டி மறுபடியும் மலைக்கு!"

ஜீப் சதுக்கத்துக்குள் நுழைந்தபோது மாதாகோயில் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. வரிசையில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு ஜீப்பின் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. நாற்பது நாளாக ஓட்டுநர்கள் அதை அப்படியே விட்டிருந்தார்கள். நகரசபை எழுத்தர் கைக்கடிகாரமும் பதிவேடுமாக அதன் எதிரே நின்றார்.

அல்தேமாருக்கு அப்போதுதான் நிலைமை விளங்கிற்று. நின்றால் பரிசோதனை கெட்டு, ஜீப் மலைக்குத் திரும்பும். நிற்காவிட்டால் வரிசையில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எண் போய்விடும். சரிவு முடிந்து சமதளம் வந்துவிட்டது. தன் என்ஜினைப் போட்டால் விதிமீறல். ஜீப்பின் வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"எலியேசெர்!" என்று பதினாறாம் எண் ஓட்டுநரைப் பார்த்துக் கதறினார். "நான் நிக்கவும் கூடாதாம், போகவும் கூடாதாம்! என்னடா பண்றது?"

எலியேசெர் புகைத்துக்கொண்டிருந்த சுருட்டைக் கீழே போட்டார்.

"நீ நிக்கக் கூடாதுன்னா போடா, நாங்க ஓடுறோம்! டேய், எல்லாரும் எடுங்கடா வண்டியை! கயிறு எங்கே?"

இருபத்தோரு ஜீப்புகள் ஒன்றாக உறுமின. வரிசை முழுவதும், வரிசை கலையாமல், சதுக்கத்தைச் சுற்றி நடை வேகத்தில் நகரத் தொடங்கியது. பதினாறின் பின்கம்பியிலிருந்து ஒரு கயிறு பறந்து வந்தது. அல்தேமார் பிடித்து, குழிந்த பானெட்டின் கீழே முடிந்தார். நின்றுபோகவிருந்த ஜீப் ஓர் இழுப்பில் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. எழுத்தர் வரிசையோடு கூடவே நடந்து, எண்ணிப் பார்த்து, பதினொன்று ஐம்பத்திரண்டு, பதினேழு வரிசையில் உண்டு என்று எழுதினார். எழுத்தர்களில் ஒருவராவது நடக்கத் தெரிந்தவர் என்பது எனக்கு ஆறுதல். சந்தைக்கு வந்த பெண்கள் முட்டைக்கோசை வீசி ஆர்ப்பரித்தார்கள். அதன் விசையை ஒருவரும் கணிக்கவில்லை.

வாசகர் இங்கே கதை முடிந்தது என்று நினைப்பார். நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை நிறுவனம் கடிதம் கொடுத்தது. பரிசோதனை இன்னும் நடப்பில் உள்ளது. சான்றிதழ் கையெழுத்தாகும்வரை ஜீப் நிற்கவோ சதுக்கத்தை விட்டு வெளியேறவோ கூடாது. ஆனால் அலுவலக நேரத்துக்கு வெளியே நிகழும் இயக்கத்தை நிறுவனம் அங்கீகரிப்பதில்லை. ஆகவே பன்னிரண்டிலிருந்து இரண்டுவரையும், மாலை ஐந்துக்குப் பிறகும், ஞாயிறு முழுதும் நின்றுகொள்ளலாம். சான்றிதழ் எப்போது என்று கேட்டதற்கு, தார் மேசைமேல் விழுந்ததால் முதலில் மேசையின் கோப்பை முடிக்கவேண்டும் என்றும், அது அசையாப் பொருள் என்பதால் வேறு குழு என்றும் சொன்னார்கள்.

திங்கள் காலை ஒன்றுமுதல் பதினைந்துவரை உள்ள ஜீப்புகள் மலைக்குப் போய்த் திரும்பி வால்பக்கம் சேர்ந்துகொண்டன. அடுத்தது பதினாறின் முறை. பதினாறு பதினேழோடு கட்டப்பட்டிருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் பதினேழு நின்றுவிடும். முன்னவர் போகாமல் பின்னவர் போகக் கூடாது. நேற்று முற்பகலிலிருந்து இருபத்திரண்டு ஜீப்புகளும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றும் எங்கும் போகவில்லை. மலையில் அறுவடையின் உச்சம். காப்பி மூட்டைகள் பாதையோரங்களில் மழைக்கு நனைகின்றன. கார்லினாவின் வாழைத்தார்கள் கொட்டகையில் பழுத்து உதிர்கின்றன.

இன்று காலை நான் அல்தேமாரின் ஜீப்போடு கூடவே நடந்தேன். மறுபக்கம் நூபியா நடந்தபடி, சோள ரொட்டியை உடைத்துச் சன்னல் வழியே ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, தலை சுத்துது" என்றார் அல்தேமார்.

"ரெண்டு நாளா சுத்தினா சுத்தாதா?"

"பதினேழு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சுத்தட்டும். ஆனா எலியேசெருக்கு ரெண்டு பொண்ணுங்க, பள்ளிக்கூடம் போகுதுங்க. பின்னால வர்றவனுக்கு வீட்டுல நோயாளி. என்னால எல்லாரும் சுத்துறாங்களே, அதைத்தான் பாக்க முடியல. நாளைக்கும் கையெழுத்து வரலன்னா கயிறை நானே அவுத்து விட்டுடலாம்னு இருக்கேன்."

நூபியா ரொட்டியை ஊட்டுவதை நிறுத்தவில்லை.

வாசகரே, இதை உங்களிடம் அனுதாபம் கேட்டு நான் எழுதவில்லை. நாளை புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிறுவனத்துக்கு வாருங்கள். முதல் மாடி, இடப்பக்கம், மூன்றாம் கதவு. என் கணக்கைப் புதுத் தாளில், எண்ணெய்க்கறை இல்லாமல், படியெடுத்து வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று தருகிறேன். அதை இயக்குநரின் முன் வைத்து, 'நாலாயிரத்து ஐந்நூறு நியூட்டன், கையெழுத்திடுங்கள்' என்று சொல்லுங்கள். குழு கூடட்டும் என்பார். கூடவேண்டாம் என்று சொல்லுங்கள். காப்பி கொடுப்பார், குடிக்காதீர்கள். உட்காரச் சொல்வார், உட்காராதீர்கள். பேனா எழுதவில்லை என்பார். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு பேனாவோடு வாருங்கள். அவர் கையெழுத்திட்டு முடிக்கும்வரை, வாசகரே, நீங்கள் அந்த அறையை விட்டு நகரக் கூடாது.